முள் இல்லாத சங்கு

ஆய்வில் சேர்ந்த முதல் ஆறு மாதமும் நான் வேறொரு செடியைத்தான் அரைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியாது, வழிகாட்டிக்கும் தெரியாது.

எடுத்துக்கொண்டது சங்கஞ்செடி. முட்சங்கு என்றும் சொல்வார்கள். தாவரவியலில் அசிமா டெட்ராகாந்தா. ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் கரையோரப் புதர்களில் நிற்கும். பிள்ளை பெற்றவளுக்கு இதன் இலையை வேப்பிலையோடு அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுப்பது பழைய வழக்கம். அந்த இலைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

செடி எடுக்க நானே போகிறேன் என்றேன். "பெண்பிள்ளை தனியாக உடைமரக் காட்டுக்குள் எதற்கு? ஆள் வைத்து எடுத்துக்கலாம்" என்றார்கள். இருபத்து மூன்று வயது. எதிர்த்துப் பேசவில்லை. சங்கு இலை வேண்டும் என்று சொல்லிவிட்டோம், சங்கு இலை என்று ஒரு சாக்கு வந்து இறங்கியது. நிழலில் காயவைத்து, குச்சி நீக்கி, பார்க்கவே அவ்வளவு சுத்தம்.

பொடித்து, சாக்ஸ்லெட் என்ற சாறு இறக்கும் கருவியில் ஏற்றி, மெத்தனாலில் சாறு இறக்கினேன். இந்தச் செடியின் பெயரையே வாங்கிக்கொண்ட அசிமின் என்ற ஆல்கலாய்டு, அதாவது காரத்தன்மையுள்ள ஒரு தாவரச் சத்து, இலையில் இருப்பது முன்பே தெரிந்த விஷயம். சாற்றில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் ஓட்டி, ஆல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் அது ஆரஞ்சு நிறத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை. கரைசல் பழசு என்று புதிதாகக் கலக்கினேன். தகடு சரியில்லை என்று தகட்டை மாற்றினேன். இலையைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு பிடி இலையைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறினேன். கரிமூட்டம் ஒன்றின் அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் இலையை வாங்கிக் கசக்கி மோந்தார்.

"இது குப்பி, தாயி. சங்கங்குப்பி. சொறி சிரங்குக்குப் போடுறது. நீ கேக்குறது பிள்ளத்தாச்சி மருந்துல்ல?"

கருவை மண்டிக்கிடந்த ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு புதரைக் காட்டினார். கை வைத்ததும் குத்தியது. இலைக்கணுவெல்லாம் முள். சங்கங்குப்பியில் முள்ளே கிடையாது. இலையைக் கசக்கினால் அடிக்கும் வாடைக்கு அதைப் பீநாறிச் சங்கு என்றும் சொல்வதுண்டு. டெட்ராகாந்தா என்றால் நான்முள். சங்கங்குப்பியின் தாவரவியல் பெயரில் வரும் இனெர்மிஸ் என்ற சொல்லுக்கு ஆயுதமில்லாதது, அதாவது முள்ளில்லாதது என்று பொருள். இரண்டையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள்தான் நான். சாக்கில் வந்த இலையில் முள் எப்படி இருக்கும்?

அதற்கப்புறம் கிளை, பூ, காய், முள் எல்லாவற்றோடும் அழுத்திக் காயவைத்த மாதிரிச் செடி கையில் இல்லாமல் எதையும் அரைத்ததில்லை. தாளில் ஒட்டி, எடுத்த இடம், நாள், ஊரில் சொல்லும் பெயர் எல்லாம் எழுதிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றின் ஈரத்துக்கு அழுத்தி வைத்த தாளெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். தினம் மாற்ற வேண்டும். வேலைகளிலேயே சலிப்பானது அது.

இந்தக் கரை இன்னொரு வகையிலும் ஏமாற்றியது. காரங்காட்டு அலையாத்திக் காட்டின் வெண்கண்டல், தான் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளும். அந்த இலையின் நீர்ச்சாறு கிருமியைத் தடுத்தது என்று துள்ளிக் குதித்தேன். சாற்றை வற்றவைத்ததும் அடியில் பளபளவென்று படிகங்கள். சாற்றில் இருந்த அதே அளவு உப்பை மட்டும் கரைத்து வைத்துப் பார்த்தேன். கிருமி வளராமல் நின்ற வட்டம் ஏறக்குறைய அதே அளவு! மருந்து என்று நான் கொண்டாடியதில் பெரும்பங்கு உப்பு.

அசிமா என்றதும் எனக்கு இன்னொரு அசிமா நினைவுக்கு வருவார். 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் வாங்கிய வேதியியலாளர் அசிமா சாட்டர்ஜி. செடியின் பெயருக்கும் அவருக்கும் தொடர்பில்லை, எனக்குத்தான் இரண்டும் ஒட்டிக்கொண்டது. வலிப்பு நோய்க்கு அவர் மருந்து கண்டது ஆரைக்கீரையிலிருந்து. நம் கண்மாய்க் கரையில் மிதிபட்டுக் கிடக்கும் அதே நாலிலைக் கீரை. அவரையும் யாராவது ஆள் வைத்து எடுக்கச் சொல்லியிருப்பார்களா என்று யோசித்ததுண்டு.

பெண்ணுக்குக் களவேலை ஆகாது என்றவர்களுக்கு ஒன்று தெரியாது. பிரசவ மருந்து, வெள்ளைப்படுதல், தீட்டு நிற்காமல் போவது இதையெல்லாம் இந்த ஊர்ப் பெண்கள் ஆண் ஆய்வாளரிடம் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். என்னிடமே மூன்றாவது தடவை போனபோதுதான் சொன்னார்கள். அதுவும், "ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்ட பிறகு.

எனக்கே பிள்ளை பிறந்தபோது, அம்மா பச்சை உருண்டை ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். சங்கிலை என்றாள். எனக்குப் பழைய சாக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அரைக்குறதுக்கு முன்னாடி கிளையைப் பார்த்தியாம்மா? முள் இருந்துச்சா?"

அம்மா கிண்ணத்தைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆள்காட்டி விரலிலும் கட்டை விரலிலும் ஏழெட்டு இடத்தில் சிவந்திருந்தது.