வந்தவர் எதையும் கேட்க வேண்டி வரக்கூடாது

மே மாதம் பிறந்தால் போதும், திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர் தொகை கூடிவிடும். மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாய் ஊர் நனைந்து கிடக்கும்போது எட்டிப் பார்க்காத சித்தப்பா பிள்ளைகள், பெரியம்மா பேரப்பிள்ளைகள் எல்லாரும், நிலாவெளிக் கடல் குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கிற இந்தக் காலத்தில் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து இறங்குவார்கள். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவும் லண்டனும் சேர்ந்துகொள்ளும். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வீட்டில் ஆள் நிறைந்திருந்தால் சந்தோஷம்தான்.

விருந்தாளி வரும்போது வீட்டை எப்படி வைத்திருப்பது என்று இணையத்தில் தேடினால் வாசனை மெழுகுதிரி ஏற்றுங்கள், சோபாவுக்குப் புதுக் குஷன் போடுங்கள், மேசையில் பூ வையுங்கள் என்று வருகிறது. கச்சான் காற்று அனலாக வீசுகிற ஆடி மாதத்தில் யன்னலைச் சாத்திவிட்டு மெழுகுதிரி ஏற்றினால் வந்தவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். என் எண்ணம் வேறு. நம்முடைய ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் வாய்விட்டு எதையும் கேட்கமாட்டார்கள். தாகம் நாக்கை இழுத்தாலும் "ஐயோ ஒண்டும் வேண்டாம்" என்பார்கள், ஃபான் சுவிட்ச் எதுவென்று தெரியாமல் இரவு முழுக்க வியர்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அந்தக் கூச்சம் ஒரு நாளும் போகாது, ஆகவே அவர்கள் கேட்கத் தேவையே இல்லாதபடி பொருள்கள் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

முதலில் வந்து சேருகிற நேரம். கொழும்புக் கோட்டையிலிருந்து வருகிற இரவு ரயிலும் சரி, இரவு பஸ்ஸும் சரி, ஊர் விழிக்கும் முன்பே ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வந்தவரை விறாந்தைக் கதிரையில் இருத்திவிட்டு, தூங்கிக் கிடக்கிற பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தி, சீட் கிடைத்ததா, ரயில் பிந்தியதா, அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று விசாரணையைத் தொடங்குகிறோம். அவரோ ரயில் டொய்லெட்டுக்குப் பயந்து இரவு முழுக்க அடக்கிக்கொண்டு வந்திருப்பார், பாவம். பையை வாங்கி வைத்ததும் குளியலறையைக் காட்டிவிடுங்கள். அவர் முகம் கழுவி வருவதற்குள் இஞ்சி போட்ட பிளேன் டீ ஒன்று. பாய் விரித்தோ கட்டில் தட்டியோ முதல்நாள் இரவே ஆயத்தமாக வைத்திருந்தால் "கொஞ்சம் சாயுங்கோ, எட்டு மணிக்குப் பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு நீங்களும் போய்ப் படுக்கலாம். கேட் லைட் எரிய வேண்டும், நாயைக் கட்டியிருக்க வேண்டும், வீடு இருக்கிற இடத்தை முதல்நாளே போனில் அனுப்பிவிட வேண்டும். இருட்டில் ஒழுங்கைக்குள் ஓட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மதிலாக எட்டிப் பார்ப்பது வந்தவருக்கும் அழகில்லை, ஓட்டோக்காரருக்கும் பொறுமை இருக்காது.

இனிக் குளியலறை. ஒரு வீட்டின் உபசாரம் ஹோலில் தெரியாது, இங்கேதான் தெரியும் என்பது என் கட்சி. ஷோகேஸுக்கு லட்சக்கணக்கில் செலவழித்த வீடுகளில்கூட குளியலறைக் கதவுக்குப் பின்னால் உடுப்பு மாட்ட ஒரு கொளுக்கி இருக்காது. சாரியோடு உள்ளே போன மனுசி அதைத் தோளிலும் பல்லிலும் பிடித்துக்கொண்டு குளிக்க வேண்டுமா என்ன? மூன்று நான்கு கொளுக்கி அடியுங்கள், அவ்வளவு விலையில்லை. கொண்டியையும் பாருங்கள். கடல் உப்புக் காற்றுக்கு இந்த ஊரில் இரும்பு என்றால் துருதான், நமக்குத் தூக்கித் தள்ளிப் பூட்டுகிற வித்தை பழகிவிட்டது, வந்தவருக்கு அது தெரியாமல் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு இருப்பார். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், சரியாகாவிட்டால் மாற்றுங்கள். பாவித்த சவர்க்காரத்தை வைக்காமல் புதிதாக ஒன்று, காய்ந்த துவாய், காலுக்கு ஒரு சோடிச் செருப்பு, மூடியோடு ஒரு சின்னக் குப்பை வாளி. இந்த வாளி எதற்கென்று ஆண்களுக்கு விளங்காது. மாதவிடாய் நேரத்தில் பிறத்தியார் வீட்டில் தங்கிய எந்தப் பெண்ணையும் கேளுங்கள், சொல்லுவாள். புதுப் பாக்கெட் நாப்கின் ஒன்றும் தட்டில் கண்படும்படி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

தண்ணீர் விஷயம் ஒன்று. கூரைமேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கிற வீடுகளில் மே தொடங்கி ஆகஸ்ட் வரை மத்தியானம் குழாயைத் திறந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகத் தேவையில்லை, வெந்நீர் வீட்டுக்கே வரும். காலையிலேயே பெரிய வாளி இரண்டை நிரப்பி நிழலில் வைத்துவிட்டால் கடலுக்குப் போய் வருகிறவர்கள் குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொள்வார்கள். கிணறு இருந்தால் கேட்கவே வேண்டாம், வெளிநாட்டுப் பிள்ளைகளை வாளியோடு அங்கே விட்டுவிடுங்கள், பொழுது போவதே தெரியாது. ஆனால் கட்டு உயரமா, கயிறு நல்லதா என்று பார்த்துவிட்டு விடுங்கள், பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கவும் வேண்டும். வெளிக்குழாய்ப் பக்கத்தில் ஒரு சாக்கும் தும்புக் கால்மிதியும் போட்டு, கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் மணலை அங்கேயே கழுவிவிட்டு உள்ளே வரப் பழக்கினால், பிறகு நாம் விளக்குமாறோடு அவர்கள் பின்னாலேயே திரிந்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை.

படுக்கிற இடத்துக்கு நுளம்பு வலை வேண்டும், அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிற சாதி, காலையிலும் பின்னேரத்திலும்தான் அதன் வேகம் அதிகம், ஆகவே இரவு வலையை மட்டும் நம்பிப் பயனில்லை. ஆள் வருவதற்கு ஒரு கிழமை முன்னாலேயே பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முட்டை நுளம்பாகப் பறக்க ஏறக்குறைய ஒரு கிழமை போதும், அதனால் கிழமைக்கு ஒருமுறை கொட்டுவதை நிறுத்தக்கூடாது. தலையணையும் மெத்தையும் மாரிக்குப் பிறகு பூஞ்சண வாடை அடிக்கும், ஒரு நாள் முழுக்க முற்றத்து வெயிலில் போடுங்கள். அறையில் பையை வைக்க ஒரு கதிரையோ ஸ்டூலோ, அலுமாரியில் ஒரு தட்டுக் காலியாக. கரண்ட் போனால் எட்டுகிற தூரத்தில் ஒரு டோர்ச். வைஃபை பாஸ்வேர்ட்டைக் கடதாசியில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், அதைக் கேட்கிற கூச்சம் இந்தக் காலத்தில் தண்ணீர் கேட்கிற கூச்சத்தைவிடப் பெரிது.

பிளக்கும் ஒரு தலையிடிதான். லண்டன்காரர் கொண்டுவருகிற சதுர முனை நம்முடைய புதிய சொக்கெட்டுக்குப் பொருந்தும், பழைய வீட்டு வட்டத் துளைக்குள் போகாது. கனடாக்காரர் பிளக் எதிலும் போகாது. ஒரு மல்ட்டி பிளக்கைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. போன் சார்ஜர், லப்டொப் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும், ஆனால் முடி நேராக்குகிற கருவியைச் சொருகுவதற்கு முன் அதில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புகைதான் மிஞ்சும்.

சாப்பாடு. இதில்தான் நம் அன்பு அளவு மீறுவது. வந்த அன்றைக்கே நண்டு, இறால், கணவாய், பாரைமீன் என்று கடலையே சட்டியில் ஏற்றிவிட்டு, "என்ன, கோழி கொத்தின மாதிரிச் சாப்பிடுறீங்கள்" என்று மேலும் ஓர் அகப்பை. பயணக் களைப்பில் வயிறு அதைக் கேட்காது. முதல்நாள் சொதியும் இடியப்பமும் ஒரு சம்பலும் போதும், நண்டை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். பரிமாறுவதை விட்டுவிட்டுச் சட்டிகளை மேசையில் வைத்து நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், வேண்டியவர் வேண்டியதை எடுப்பார், வீட்டுப் பெண்கள் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து யாரும் அவசரமாக விழுங்க வேண்டியும் இருக்காது. தேத்தண்ணிக்குச் சீனியைப் போட்டுக் கலக்கிக் கொடுக்காமல் பக்கத்தில் தனியாக வையுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களில் சலரோகம் இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது, ஆனால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தயங்கிக் குடித்துவிடுவார்கள். குடிதண்ணீரைப் போத்தலும் கிளாசுமாக மேசையிலும் அறையிலும் வைத்துவிடுங்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொதித்தாறியது. ஷோகேஸுக்குள் பத்து வருசமாகத் தூசு பிடிக்கிற அந்த நல்ல கோப்பைகளையும் தயவுசெய்து வெளியே எடுங்கள், ஜனாதிபதி ஒன்றும் வரப்போவதில்லை.

இது எல்லா மனிதரும் கலந்திருக்கிற ஊர். கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் சிநேகிதர் வீட்டில் சாப்பிடுவாரா என்று மனதுக்குள் குழம்புவதைவிட நேரே கேட்டுவிடலாம். மீனும் மரக்கறியும் வைத்தால் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை, கோழி என்றால் ஹலால் கடையில் வாங்கியது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தொழுகை நேரம் வந்தால் துப்புரவான ஒரு மூலையும் துவைத்த விரிப்பும் போதும். அதேமாதிரி நம் ஆட்களில் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள், கந்தசஷ்டி பிடிக்கிறவர்கள் என்று இருப்பார்கள், மெனு போடும் முன் கலண்டரைப் பார்ப்பது நல்லது. கோணேசர் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டுக் காற்சட்டையோடு மட்டும் வந்து நிற்கிற பெடியன்களுக்காக நான் வெளுத்த வேட்டி இரண்டை எப்போதும் மடித்து வைத்திருப்பேன்.

அப்புறம் நம்முடைய வாய். வாசலிலேயே "எப்ப திரும்பிப் போறீங்கள்?" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று ஆசையில்தான் கேட்கிறோம், வந்தவர் காதில் அது அப்படி விழாது. மெலிந்துவிட்டாய், கறுத்துவிட்டாய், கல்யாணம் எப்போது, பிள்ளை எப்போது, சம்பளம் எவ்வளவு, வீடு வாங்கியாச்சா: இதில் ஒன்றையும் கேட்காவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. அவர்கள் கதைக்க வந்ததைக் கதைக்கட்டும்.

ஊர் காட்டுகிற வேலையிலும் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். ஒரே நாளில் கோணேசர், கன்னியாவின் ஏழு கிணறு, நிலாவெளி, அதற்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவு என்று வான் பிடித்து ஏற்றிச் சுற்றிவிட்டுப் பின்னேரம் எல்லாரும் தலையிடியோடு படுப்பதில் என்ன சுகம்? புறாமலைக்குக் காலையில் போவதுதான் நல்லது, அந்த ஒன்றையே அன்றைய வேலையாக வையுங்கள். கோட்டைப் பக்கம் போனால் மான்கள் பாதையில் நிற்கும், பிள்ளைகளுக்கு அதுவே போதும், பணிஸைப் பொலித்தீன் பையோடு நீட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளாவது ஒன்றும் செய்யாமல் மாமரத்துக்குக் கீழே கிடக்க விடுங்கள்.

போகும்போது கட்டிக்கொடுக்காமல் நம்மால் முடியாது, சரி. ஆனால் விமானத்தில் போகிறவருக்கு நிறைக் கணக்கு இருக்கிறது, கருவாட்டை அந்த நாட்டுக்குள் விடுவார்களா என்பதும் வேறு கதை. மிளகாய்த்தூளோ ஒடியல்மாவோ எவ்வளவு வேண்டும் என்று இரண்டு நாள் முன்னாலேயே கேட்டால் அவரும் பையில் இடம் ஒதுக்குவார். கொழும்புக்குப் போகிறவர் என்றால் இரவு ரயிலுக்குப் பிட்டும் கட்டச்சம்பலும் வாழையிலையில் சுற்றிக் கொடுங்கள். ஒரு போத்தல் தண்ணீரும், கை துடைக்கக் கொஞ்சம் கடதாசியும் சேர்த்து.