இரண்டு கரிநெருப்புகள்

எருசலேமில் சீயோன் மலைச் சரிவில் 'கல்லிகாந்து' என்றொரு ஆலயம். லத்தீனில் சேவல் கூவுதல் என்று பொருள். கூரை உச்சியில்கூட ஒரு பொன்னிறச் சேவல். இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியர் காய்பாவின் வீடு இங்கேதான் இருந்தது என்பது மரபு. இயேசு பிடிபட்ட இரவில், சேவல் கூவுமுன், அவருடைய சீஷன் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த காட்சி முற்றத்தில் சிலைகளாக நிற்கிறது: ஒரு வேலைக்காரி, ஒரு சேவகன், கையை விரித்து 'எனக்குத் தெரியாது' என்னும் பேதுரு.

எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

என் கல்யாண வரவேற்பு அன்று அண்ணன் குடித்துவிட்டு மண்டப வாசலில் நின்றான். "யாருங்க அது, உங்க ஆளா?" என்று பெண் வீட்டார் ஒருவர் கேட்டார். "தெரியலைங்க" என்றேன். அது அவன் காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான். பதினொரு வருடம் கழித்து அவன் இறந்தபோதும் நாங்கள் பேசியிருக்கவில்லை.

அடுத்த நாள் யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே பயணம். வழியில் நன்றாகத் தூங்கிவிட்டேன், எழுத ஒன்றுமில்லை.

கலிலேயாக் கடல் என்கிறோமே தவிர அது நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கும் 200 மீட்டருக்கு மேல் தாழ்வாகக் கிடக்கிறது. அதன் வடமேற்குக் கரையில், தப்கா என்ற இடத்தில், கறுப்புப் பாறைக்கல்லால் 1933இல் பிரான்சிஸ்கன் சபையார் கட்டிய சின்ன ஆலயம். உள்ளே ஒரு பெரிய பாறை. 'கிறிஸ்துவின் மேசை' என்கிறார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காலை உணவு கொடுத்த இடமாம்.

வழிகாட்டி அந்தச் சம்பவம் வரும் யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தை வாசித்தார். சீஷர்களின் வலையில் 153 மீன்கள். அந்த எண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் உண்டு. மீன்பிடிக்கிறவன் மீனை எண்ணுவான், அவ்வளவுதான் என்பது என் கட்சி. என்னை நிறுத்தியது வேறு ஒரு சொல்: கரையில் ஆண்டவரின் காலை உணவு இருந்த 'கரிநெருப்பு'. பேதுரு மறுதலித்த இரவில் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். இரண்டு இடத்திலும் யோவான் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் ஆண்டவர் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். மன்னித்தேன் என்று ஒரு வரி அங்கே இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அண்ணனிடம் கேட்க இனி வழியில்லை. அவனுக்கு ஒரு மகன் இருக்கிறான். கல்லூரியில் படிக்கிறான். அடக்கத்தன்று அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றபடி அவனுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் மணி அடித்தது.

"யாரு?"

"சித்தப்பாடா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தண்ணீர் காலில் மோதிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"சாப்டியாடா?" என்று கேட்டேன்.