உறைமழை குறுக்கே வந்த மேப்பிள் பருவம்

2025 மேப்பிள் பருவம் எப்படிப் போனது என்று கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் லின்ட்சே பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் உறைமழையைத்தான் சொல்வார்கள். மார்ச் 28, வெள்ளி இரவு தொடங்கிய மழை அந்த வார இறுதி முழுக்க விட்டுவிட்டுப் பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்தது. ஒறிலியாவிலிருந்து பீற்றர்பரோ வரை கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்தன. மின்கம்பிகள் அறுந்தன. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. ஒறிலியாவில் அவசரநிலை பிறப்பித்தார்கள். பின்வளவில் நாலைந்து மேப்பிள் மரம் வைத்து, அவற்றின் சாற்றை வற்றவைத்துப் பாணி காய்ச்சுகிற எங்களுக்கு அது பருவத்தின் நட்ட நடுவில் வந்து விழுந்தது.

நாங்கள் ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, வீட்டு விலை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள். ரொறொன்ரோவுக்கு ஒன்றரை மணித்தியால ஓட்டம். தமிழ்க் கடை வேண்டுமென்றால் ஏஜாக்ஸுக்கு இறங்க வேண்டும். வீடு பெரிது, வளவு பெரிது, பேச்சுத்துணைதான் இல்லை. அம்மாவுக்கு இங்கே மிகக் கஷ்டமான மாதம் மார்ச். தை, மாசியில் குளிர் குளிராகவே இருக்கும், மனமும் அதற்குப் பழகிவிடும். மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைந்து, முற்றம் சேறும் ஐஸுமாகக் கிடக்கும். வெளியே காலடி வைக்கப் பயம். அந்த மாதத்தை அவவுக்குப் பிடித்த மாதமாக மாற்றியது இந்தப் பாணி வேலைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வளவின் எல்லையோரம் நிற்பவை, இனிப்புக் கூடிய சாறு தரும் சுகர் மேப்பிள் என்று காட்டித்தந்தவர் அடுத்த வளவுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. இலையில்லாத காலத்தில் மரத்தை எப்படி அடையாளம் பிடிப்பது என்று அவரிடம்தான் படித்தோம். கிளைகள் எதிரெதிராக முளைத்திருக்கும். மொட்டு மண்ணிறமாக, சின்னதாக, நுனி கூராக இருக்கும். முதிர்ந்த மரத்தின் பட்டை நீளத் தகடுகளாகப் பிரிந்து ஒரு ஓரம் கிளம்பி நிற்கும். ரொறொன்ரோத் தெருக்களில் நிறைய நிற்கிற நோர்வே மேப்பிளின் மொட்டு தடிப்பானது. அதிலும் சாறு வரும், இனிப்புக் குறைவு. தெருவோர மரம் நகரசபையின் சொத்து, அதில் யாரும் துளை போடக் கூடாது.

சாறு எடுக்க, அடிமரம் 30 சென்ரிமீற்றர் விட்டமாவது இருந்தால் ஒரு துளை. துளை 8 மில்லிமீற்றர் அகலம், 4 சென்ரிமீற்றர் ஆழம். சாறு வெளியே வடிவதற்காக உள்பக்கம் கொஞ்சம் உயர்ந்த சாய்வில் போட வேண்டும். துளைக்கருவியின் நுனியில் சுருண்டு வருகிற மரத்தூளைப் பார்க்க வேண்டும். வெளிர் நிறமாக, ஈரமாக வந்தால் நல்ல இடம். கபில நிறமாக வந்தால் பழைய காயத்துக்குக் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம். ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழும் நீளவாக்கில் ஒரு பகுதியை மரம் தானே அடைத்துக்கொள்ளும், அந்த இடத்தில் பிறகு சாறு ஓடாது. ஆகவே அடுத்த வருடத் துளையைத் தள்ளிப் போட வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்தவர்களுடைய மரங்கள் தலைமுறை தாண்டியும் சாறு தருகின்றன.

அம்மா இலங்கையின் வடக்கே பளையில் பிறந்தவ. அம்மப்பாவின் வளவில் பனை சீவினார்கள், கருப்பநீர் (பதநீர்) காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றினார்கள். முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால் கருப்பநீர் வெயிலில் புளித்துக் கள்ளாகிவிடும். இங்கே சுண்ணாம்பின் வேலையைக் குளிர் செய்கிறது. வாளியில் விழுந்த சாறு பாலைப் போலவே கெட்டுப்போகக்கூடியது. கொள்கலனைப் பனிக்குவியலுக்குள் புதைத்துவைத்தால் சில நாட்கள் தாங்கும். முதல்முறை அந்தத் தெளிந்த தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அம்மா, “இதில எங்க பிள்ளை இனிப்பு?” என்று கேட்டா. அதில் இனிப்பு 2 வீதந்தான். 86ஐ அந்த வீதத்தால் பிரித்தால் ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டுமென்று வரும். 2 வீதமென்றால் 43. இரண்டரை வீதமென்றால் 34 போதும். அந்த அரை வீதத்தில் ஒரு பின்னேர விறகு மிச்சம்.

சாறு ஓடுவதற்கு இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இரவில் மரத்துக்குள் இருக்கும் வாயு சுருங்க, வேரிலிருந்து நீர் மேலே இழுபடும். பகலில் உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, துளை வழியாக வெளியே தள்ளும். இரண்டில் ஒன்று தப்பினாலும் வாளி வெறுமைதான். 2024இல் குளிர்காலமே சூடாகப் போனது, பெப்ரவரியிலேயே பலர் துளை போட்டார்கள். கியூபெக்கில் அந்த வருடம் 239 மில்லியன் இறாத்தல், அதுவரை காணாத விளைச்சல். அதற்கு முந்திய வருடம் 124 மில்லியன்தான். பெரிய தோட்டங்களில் குழாய் பூட்டி வெற்றிடப் பம்பால் இழுப்பார்கள், காலநிலை கொஞ்சம் பிசகினாலும் சமாளிப்பார்கள். வாளி கட்டுகிறவர்களுக்கு வானம் தந்ததுதான்.

2025 அதற்கு நேர் எதிர். பெப்ரவரியில் பனி கொட்டித் தள்ளியது, மரத்தடிக்குப் போகவே முழங்கால் வரை புதைந்தது. மார்ச் பிறந்தும் சில நாட்கள் ஒரு சொட்டும் இல்லை. பிறகு ஓடத் தொடங்கியபோது, வாளியின் அடியில் சொட்டு விழுகிற சத்தம் சமையலறை யன்னல் வரை கேட்டது.

வீட்டுக்குள் காய்ச்ச முடியாது. அவ்வளவு ஆவி ஏறினால் சுவர்த்தாள் உரிந்துவிடும். முற்றத்தில் சிமெந்துக் கல் அடுக்கி, மேலே அகலமான எவர்சில்வர் தட்டுகளை வைத்து விறகில் எரிக்கிறோம். அம்மா தடித்த ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருப்பா. பொங்கி வந்தால் கடுகளவு பட்டர், உடனே அடங்கும். தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேலே 4 பாகை ஏறினால், ஏறக்குறைய 104இல், பாணி. அம்மாவின் விரல் கேட்பது பனங்கட்டிக் கம்பிப்பதம், அதுவரை விட்டால் போத்தலுக்குள் கற்கண்டு கட்டிவிடும். இப்போது அவ அகப்பையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பா. சொட்டுச் சொட்டாக விழாமல், இரண்டு சொட்டு விளிம்பில் சேர்ந்து தகடாக வழியும் கணத்தில் “இறக்கு” என்பா. வெப்பமானி அநேகமாக ஒத்துப்போகும். பிறகு தடித்த கம்பளித் துணியில் வடிக்க வேண்டும். மணல் போல அடியில் தங்கும் உப்புகள் அதில் நிற்கும், இல்லாவிட்டால் பாணி கலங்கிவிடும்.

கொஞ்சத்தை அவ தனியே எடுத்து இன்னும் இறுக்கிக் கட்டியாக ஊற்றுவா, தேத்தண்ணியோடு கடிக்க. இந்த மண்ணுக்குரிய அனிஷினாபே மக்களும் ஐரோப்பியர் வருமுன்னரே சாற்றை வற்றவைத்துச் சீனியாகத்தான் வருடம் முழுக்க வைத்துக்கொண்டார்கள். பாணியைவிடக் கட்டி கெடாமல் நிற்கும். அவர்களுடைய கேர்வ் லேக் குடியிருப்பு, பீற்றர்பரோவுக்கு வடக்கே, எங்களுக்குத் தூரமில்லை. நாங்கள் நேற்று வந்தவர்கள். இது அவர்கள் தந்த அறிவு என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

உறைமழை பெய்த அந்த இரவுக்கு வருகிறேன். இருட்டில் ஒவ்வொரு கிளையாக முறிந்தது. வெடிச்சத்தம் போல ஒன்று, பிறகு ஐஸ் சிதறுகிற சத்தம். வெடிச்சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரவு எப்படியிருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தா. விடிந்து பார்த்தால் மிகப் பெரிய மரத்தின் தலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி நிலத்தில் கிடந்தது. ஐஸ் உதிரும்வரை யாரும் மரத்தடிக்குப் போகவில்லை, மேலே தொங்கிய கிளைகள் எந்நேரமும் விழும்.

மின்சாரம் திரும்ப நாளெடுத்தது. சில இடங்களில் ஒரு கிழமைக்கு மேல். குழாய் பூட்டிய காடுகளில் குழாயெல்லாம் முறிந்த கிளைகளுக்கு அடியில் கிடந்தது, பம்புகள் நின்றன. அடுத்த வளவுக்காரரின் குழாய்களுக்கும் அதே கதி. எங்கள் அடுப்புக்கு விறகு மட்டும் போதும். வாளிகளைத் திரும்ப மாட்டினோம். மின் அடுப்பில் காய்ச்சி வந்தவர்கள் சேர்த்துவைத்த சாற்றைக் கொண்டுவந்தார்கள். அதுவரை கையசைத்ததோடு நின்ற அயலவர்கள் கதிரையோடு வந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆவி பறக்கிற தட்டுக்குப் பக்கத்தில் கேத்தலை வைத்து அம்மா எல்லாருக்கும் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. ஆங்கிலம் குறைவென்று வாசலுக்கே போகத் தயங்கியவ, யாருடைய சாறு எந்தத் தட்டில், எது இறக்கத் தயார் என்று கையால் காட்டி வேலை வாங்கினா. இந்த நாட்டில் எங்களிடம் அயலார் உதவி கேட்டு வந்த முதல் தருணம் அது.

முறிந்த கிளைகளிலிருந்தும் சாறு வடிந்தது. இரவில் அது கிளை நுனியில் ஐஸ் குச்சியாக உறைய, பிள்ளைகள் ஒடித்துச் சூப்பினார்கள். மரத்தின் காயத்திலிருந்து வருவது என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏப்ரல் நடுப்பகுதியில் மொட்டு வீங்கியது. மொட்டு வீங்கினால் சாற்றின் குணம் மாறும், காய்ச்சும்போதே ஒரு வேண்டாத வாடை வரும். வாளிகளைக் கழற்றினோம். முந்திய வருடத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைத்தது. தொடக்கத்தில் எடுத்தது பொன்னிறம், உறைமழைக்குப் பிறகு எடுத்தது கடும் கபிலம். புட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் அந்தக் கபிலம்தான் திறம், வாசம் கனமாக இருக்கும்.

நட்டம் உண்மையில் எவ்வளவு என்பது ஜூனில் இலை விட்ட பிறகே தெரிந்தது. தலையில் பாதிக்கு மேல் இழந்த மரத்தில் துளை போடக் கூடாது. காயத்தை மூடவும் புதுக் கிளை விடவும் அதற்குத் தன் சீனி முழுவதும் வேண்டும். 1998 உறைமழையில் அடிபட்ட தோட்டங்களிலிருந்து படித்த பாடம் இது. பிளந்த எங்கள் பெரிய மரம் அந்தக் கணக்கில் விழுகிறது, அது ஓய்வெடுக்கட்டும், எத்தனை வருடமானாலும். மற்றவை பரவாயில்லை. அடுத்த வளவுக்காரரின் மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன, ஆனால் அவரிடம் நல்ல பெரிய காய்ச்சும் தாச்சி இருக்கிறது. அதை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து, வருகிற மார்ச்சில் எங்கள் மரச் சாற்றை இரண்டு வீடும் சேர்ந்து காய்ச்சுவதாகப் பேசியிருக்கிறோம். விறகு கொத்தத் தொடங்கிவிட்டார்.