ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு: பக்க எண்ணை முதலில் எழுதுங்கள்

சென்ற வாரம் என் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வாழ்த்த அழைத்த இளைய ஆய்வாளர்கள் பலரும் கேட்டது, "ஒப்புமை எத்தனை சதவீதம் வந்தது?" என்பதுதான். ஆய்வேட்டின் வரிகள் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் காட்டும் அளவு அது. வருத்தமாக இருந்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பிறர் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதும் திருட்டு என்று அதே விதிகள் சொல்வதை ஏனோ யாரும் பேசுவதில்லை. ஆங்கிலக் கட்டுரையின் பத்தியைத் தமிழாக்கிப் பெயர் சொல்லாமல் சேர்த்தால் மென்பொருளுக்குத் தப்பலாம். அதைப் படித்திருக்கும் தேர்வாளருக்குத் தப்பாது. சொற்களை மாற்றிச் சதவீதத்தைக் குறைத்துத் தருவதாகக் காசு கேட்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே பழக்கம். குறிப்பெடுக்கும்போது வாக்கியத்துக்கு முன்பே நூல், பதிப்பாண்டு, பக்க எண் மூன்றையும் எழுதிவிடுவேன். நெறியாளர் தொடக்கத்திலேயே பிடிவாதமாகப் பழக்கியது இது. வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி. என் சொல்லில் சுருக்கினால் ஓரத்தில் 'சு'. எனக்கே தோன்றியது என்றால் 'எ'. இயல் எழுத உட்காரும்போது எது யாருடையது என்று நினைவை நம்ப முடியாது. ஓரத்து எழுத்தை நம்பலாம். நான் நோட்டில் கையால் எழுதுகிறவன். வெட்டி ஒட்ட வழியில்லாததே பெரிய பாதுகாப்பு என்பேன்.

குறுந்தொகை 40ஆம் பாடலுக்கு எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று புறத்தேர்வாளர் கேட்டார். உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு என்று பக்கத்தோடு சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இன்னும் சில:

- பாடல் எண் மட்டும் போதாது. பாடவேறுபாடு (ஒரே பாடலில் சொற்கள் வேறுபடுவது) இருந்தால் பதிப்புக்குப் பதிப்பு பொருளே மாறலாம்.
- பிறர் நூலில் எடுத்தாண்ட வரியை மூலத்தைப் பார்த்ததுபோல் காட்டாதீர்கள். பார்த்தது எந்த நூலோ அதைச் சொல்லுங்கள்.
- உரையாசிரியர் விளக்கத்தைத் தன் விளக்கமாக எழுதுவது நம் துறையில் மிகுதி. நச்சினார்க்கினியர் சொன்னதை அவர் பெயரிலேயே எழுதுங்கள். அவரோடு எங்கே மாறுபடுகிறீர்கள் என்பதும் அப்போதுதான் தெரியும்.
- முன்பு வெளியான உங்கள் கட்டுரையிலிருந்து எடுத்தாலும் குறிப்பிடுங்கள்.
- துணைநூற்பட்டியல் முதல் இயலோடு தொடங்கட்டும்.
- சதவீதத்துக்குப் பயந்து மேற்கோள்களை வெட்டாதீர்கள். உரிய இடம் சுட்டிய மேற்கோளை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அறிக்கை எடுக்கும்போது அவை விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.