அப்பாரு (தாத்தா) வீட்டு மரவேலை

ஜூன் 8, 2025

காங்கேயத்துப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் இன்று ஓடு பிரிக்கத் தொடங்கினோம். திண்ணை, ஆசாரம் என்கிற நடுக்கூடம், இருபுறமும் ஒவ்வோர் அறை, பின்னால் சமையல்கட்டு. அவ்வளவுதான் வீடு. நடுவில் முற்றம் வைத்த பெரிய தொட்டிக்கட்டு வீடுகளைத் தேடிப்போய்ப் படம் எடுக்கிறார்கள். இந்த மாதிரி சின்னக் குடியானவர் வீடுகள் சத்தமில்லாமல் இடிபடுகின்றன. எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

ஓட்டைத் திருப்பினால் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் முத்திரை, கூடவே 1865. "பாத்தியா கண்ணு, கட்டின வருசம்" என்றார் பெரியப்பா. உண்மையில் அது மங்களூரில் அந்த மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. முதல் உலகப் போரின்போது ஆங்கிலேய அரசு அந்த மிஷனின் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆக, ஓடு போருக்கு முந்தியது. வீடு அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும். கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களில் நெருக்க நெருக்கமாகப் பழைய ஆணித் தடங்கள். மங்களூர் ஓட்டுக்கு அத்தனை நெருக்கமாகக் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டியதில்லை. முதலில் நாட்டு ஓடுதான் போட்டிருப்பார்கள்.

ஜூன் 14

கைமரம் எல்லாம் பனை. பனைக்குப் பலம் வெளிப்பக்கத்துக் கறுப்பு நாரில்தான். நடுவில் வெறும் சோறு, மெத்தென்ற பகுதி. அதனால் நெடுக்காகப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கெட்டியான வைரத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கரையான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

தூண்கள் வேம்பு. தூண் தலையில் கழுந்து (செதுக்கிய நாக்கு), அது நுழைய உத்திரத்தில் துளை, குறுக்கே ஒரு மர முளை. "இரும்பே இல்லீங்க தம்பி" என்று ஆசாரி தடவித் தடவிக் காட்டினார். கூரை பாரம் முழுக்கத் தூணில்தான் இறங்குகிறது. மண்சுவர் வெறும் மறைப்பு.

பிறகு உளிப் பிடியால் ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று கணீரென்றன. வடமேற்குத் தூண் முழங்கால் உயரத்துக்குக் கீழே தொப்பென்றது. சுவரோடு ஒட்டிய தூண் அது. சில வருடங்களுக்கு முன் அந்தச் சுவருக்கு சிமெண்ட் பூசினார்கள். மண்சுவர் தரை ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் மரத்தில் இறங்கிவிட்டது. நூறு வருடம் தாங்கியதை ஒரு பூச்சு கெடுத்திருக்கிறது.

ஜூன் 15

இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார் பெரியப்பா. நான் ஒப்பவில்லை.

ஜூன் 28

உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட அடியை அறுத்தாயிற்று. காய்ந்த வேப்பந்துண்டைப் பழைய தூணோடு சாய்வாகச் சேர்த்து முளை அடித்தார் ஆசாரி. அடியில் இப்போது கல். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டோம். சுவர் நன்றாக ஆறியபிறகு சுண்ணாம்புதான் பூச வேண்டும்.

பெரியப்பா வந்து தூணைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். "ஆடி பொறக்கறதுக்குள்ள ஓட்டை ஏத்திப் போடுங்க" என்றார். உடைந்த ஓடுகளுக்குப் பதில் பழைய ஓடு சொல்லி வைத்திருக்கிறோம்.