காரணம் இல்லாமல் ஒரு கடல் பயணம்

2007-ஆம் ஆண்டில் பிறந்த மலேசியப் பிள்ளைகளின் பள்ளிக் காலம் மற்ற ஆண்டுப் பிள்ளைகளுடையதைப் போல அமையவில்லை. ஆறாம் ஆண்டில், 2019-இல், அவர்கள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வே அந்தத் தேர்வின் கடைசி முறையாக அமைந்தது. மறு ஆண்டு பெருந்தொற்றினால் அது ரத்தாகி, 2021-இல் ஒரேயடியாக எடுக்கப்பட்டுவிட்டது. இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அவர்களை வீட்டுக்குள் அடைத்தது. இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டான மூன்றாம் படிவத்தில் எழுதியிருக்க வேண்டிய பிடி3 தேர்வு அவர்கள் அந்தப் படிவத்துக்கு வந்த 2022-இலேயே ஒழிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு பொதுத்தேர்வு, அதன் பிறகு பதினேழு வயதில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் என்று நடுவில் ஒரு படிக்கட்டும் இல்லாமல் ஏறிய பிள்ளைகள் இவர்கள். என் மகனும் அவர்களில் ஒருவன்.

2025 பிப்ரவரியில் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்தவன், பையைக் கழற்றி வைத்த அன்றே பயணத்தைப் பற்றிக் கேட்டான். தேர்வு முடிந்தால் எங்காவது அழைத்துப் போவதாக வாக்களித்திருந்தேன். பாலர் பள்ளியை முடிக்கும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கே கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் மாட்டிப் படம் எடுக்கும் காலம் இது. அப்படிப்பட்ட காலத்தில், பதினோரு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையை முடித்த பையனுக்கு ஒரு பயணம் என்பது மிகையல்ல என்று எனக்குத் தோன்றியது. அவன் வயதுப் பையன்கள் ஹாட்யாய், சிங்கப்பூர் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் நாகப்பட்டினம் என்றான்.

எனக்கு அது வியப்புதான். பினாங்குத் தீவின் பயான் லெப்பாசில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு எதிரே, கடலுக்குள், ஜெரஜாக் தீவு கிடக்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த தொழிலாளிகளை நோய்த்தடுப்புக்காக இறக்கி நிறுத்திவைத்த இடம் அது. எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் பாலத்தில் போகும்போதெல்லாம் என் அப்பா அவனுக்கு அதைக் காட்டி, “உன் கொள்ளுத்தாத்தா முதல்ல கால் வச்ச மண்ணு அதுதான்” என்று சொல்லுவார். பையன் கேட்டுக்கொண்டிருந்தானா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். தாத்தா காட்டியது வந்து சேர்ந்த இடத்தை மட்டுந்தானே, கிளம்பிய இடத்தைப் பார்க்க வேண்டாமா என்பது அவனுடைய கேள்வி.

கிளம்பியது 1937-இல். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குத்தகை நிலமும் போய்க் கடனும் ஏறிய நிலையில், என் தாத்தா தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சுங்கை பாகாப் அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டே, 1938-இல், மலாயாவுக்குத் தொழிலாளிகளைச் செலவு கொடுத்து அனுப்பும் ஏற்பாட்டை இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் நாங்கள் இன்றைக்கு வேறெங்கோ வேறு யாராகவோ இருந்திருப்போம். தாத்தா வந்த கப்பல் ரஜூலா. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த அந்தக் கப்பலைப் பற்றிய கதை இல்லாத தமிழ்க் குடும்பம் வட மலேசியாவில் குறைவு. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தியெடுத்து, ஒருவர் சட்டியில் ஒருவர் சமைத்துத் தின்று வந்ததைத் தாத்தா அலுக்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டாம் முறை அவர் அதே கப்பலில் ஏறியது 1956-இல், தாயார் இறந்த செய்தி கேட்டு. ஊர் போய்ச் சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது.

மூன்றாவது கடல் கடப்புதான் எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தது. என் அப்பா 1948-இல் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்; அந்தத் தோட்டம் பினாங்கு மாநிலத்துக்குள் அடங்கிய செபராங் பிறையில் இருந்ததால் குடியுரிமைக்காக அவர் யார் வாசலிலும் நிற்கவில்லை. அவருக்குப் பதின்மூன்று வயது மூத்தவரான பெரியப்பா, தாத்தாவோடு கைக்குழந்தையாக வந்தவர். பிறந்தது இந்தியாவில் என்பதால் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றிருக்கலாம். ஆனால் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மனிதருக்கு அலுவலகமும் விண்ணப்பப் படிவமும் எட்டாத தொலைவில் இருந்தன. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வெளிநாட்டுக்காரர்களாக ஆனார்கள். பெரியப்பாவின் சீட்டு புதுப்பிக்கப்படவில்லை. 1970-இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரஜூலாவில் ஏறினார்.

அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். பெரியம்மாவோ அதே சுங்கை பாகாப் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்து, அங்கேயே மணமானவர். அவர் திரும்பிப் போக அங்கே அவருக்கு என்ன இருந்தது? இருபத்தெட்டு வயதில், பார்த்திராத ஒரு நாட்டுக்கு, மாமியார் வீட்டு மண் என்ற ஒரே உறவை நம்பிப் போனார். அப்பா கடிதம் எழுதுவார். பிறகு தொலைபேசி வந்தது. பெரியப்பா 1998-இல் இறந்தபோது எங்களிடம் பயணச் செலவுக்குப் பணம் இல்லை.

எங்கள் வீட்டில் கடலைத் தாண்டியவர்களுக்கெல்லாம் கடனோ சாவோ காகிதமோ ஒரு காரணம் இருந்தது. ஒரு பையன் பள்ளியை முடித்துவிட்டான், அவனுக்கு அதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்பதற்காக யாரும் போனதில்லை. இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொள்ள எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நான் எஸ்பிஎம் எழுதி முடித்தது 1995-இல். தேர்வு முடிந்த அடுத்த வாரம் பயான் லெப்பாசில் உற்பத்திப் பிரிவில் நின்றேன். முடிவு வரும்வரை என்று சேர்ந்த வேலை, இலாகா மாறி, பதவி மாறி, இன்னும் தொடர்கிறது. என் அம்மாவும் அங்கே வேலை செய்தவர்தான். 1972-இல் அந்தத் தொழில் வட்டாரம் திறந்த பிறகு, தோட்டத்து வாசல்வரை தொழிற்சாலைப் பேருந்து வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலத்தில், பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு அதில் ஏறியவர் அவர். எங்கள் குடும்பத்தின் மைல்கற்கள் எல்லாம் இப்படி யாரோ ஒருவர் எதிலோ ஏறியதாகத்தான் இருக்கின்றன.

சென்னைக்குப் பினாங்கிலிருந்து நேரடி விமானம் 2024 டிசம்பர் 21 அன்று தொடங்கியது இந்தப் பயணத்துக்கு வசதியாகப் போயிற்று. ரஜூலா 1974-இல் உடைக்கப்பட்டு, அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பிடித்து நின்றுபோன பிறகு, பினாங்குத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்குப் போவதற்குக் பெரும்பாலும் கோலாலம்பூரையோ சிங்கப்பூரையோ சுற்றிக்கொண்டிருந்தோம். இப்போது நான்கு மணி நேரம். கணவர் மகளோடு வீட்டில் தங்கிக்கொண்டார்; அவளுக்குப் புதிய பள்ளி ஆண்டு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிட்டது. நானும் மகனுமாக மார்ச் மாதம் கிளம்பினோம்.

சென்னையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மெட்ரோ ரயில் அவனுக்குப் பிடித்தது, தி. நகர் எனக்குப் பிடித்தது. இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் இறங்கினோம்.

கப்பலடி என்று ஒன்றைத் தேடினால், இப்போது அங்கே இருப்பது காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பலின் சிறிய முனையம். 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை அது. பழைய நாள்களில் பெரிய கப்பல்கள் கரையருகே வர முடியாமல் ஆழ்கடலில் நிற்க, தோணிகளில் ஆள்களை ஏற்றிச் சென்றார்கள் என்று தாத்தா சொன்னதை அங்கே நின்று மகனிடம் சொன்னேன். அவன் கடலைப் பார்த்தான், பிறகு கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பினாங்கு இருக்கும் திசையைக் கணக்கிட்டான். அழுவதற்கோ மெய்சிலிர்ப்பதற்கோ அங்கே ஒன்றும் இல்லை. மீன் வாடையும் வெயிலும் இருந்தன. வேர்களைத் தேடிப் போகிறவர்கள் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாகூர் தர்காவுக்கும் போனோம். ஜார்ஜ் டவுனில் சூலியா சாலை முனையில் இருக்கும் நாகூர் தர்காவைத் தினமும் தாண்டி நடந்தவன், அதன் மூலத்தைப் பார்த்ததும் மனோராக்களின் எண்ணிக்கையையும் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். சூடாமணி விகாரத்தைப் பற்றிக் கேட்டான். ராஜராஜன் காலத்தில் கடாரத்து மன்னன் நாகையில் எழுப்பிய பௌத்த விகாரம் அது. ஆனைமங்கலம் என்ற ஊரே அதற்கு மானியமாக விடப்பட்டது. மிச்சமிருந்த கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். கடாரத்தின் மீது ராஜேந்திரன் படையெடுத்த 1025-க்கு 2025 ஆயிரமாவது ஆண்டு. எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் கடாரம் கொண்டான் என்று மேடையேறிப் பேசாதவர் இல்லை. மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ம்மா, கடாரம்னா கெடா. பாட்டி வீடும் கெடாவுலதான இருக்கு. அப்போ நாம தோத்தவங்க பக்கமா?” என்று கேட்டான். அந்தச் சங்கக் கூட்டங்களில் யாரும் இதைக் கேட்டு நான் அறிந்ததில்லை.

பயணத்தின் முக்கியமான பகுதி பெரியம்மாவின் வீடுதான். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும் நின்ற பருவம் அது. பெரியம்மாவின் மகனான அண்ணன் திருவாரூர்வரை கார் அனுப்பியிருந்தார். “வாம்மா தங்கச்சி, வா மாப்ளே” என்று வாசலிலேயே நின்று அழைத்தார். எனக்கும் அவருக்கும் இடையில் இருப்பது புகைப்படங்களும் வாட்ஸ்அப்பும் மட்டுமே என்ற கூச்சம், அண்ணி கொண்டுவந்த காப்பியோடு ஓரளவு போனது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தெளிவாக, “சூடா மாக்கான்?” என்று கேட்டார்.

சாப்பிட்டாயா என்று ஒரு பாட்டி கேட்பதில் புதுமை எதுவும் இல்லை. ஆனால் காவிரிப் படுகையின் ஒரு தெருவில், மலாயில் கேட்டது பையனை உலுக்கிவிட்டது. “பெலும், நெனெக்” (இன்னும் இல்லை, பாட்டி) என்று பதில் சொன்னான். அண்ணன் வீட்டார் சிரித்தார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அந்த வீட்டில் பெரியம்மாவின் மலாய்க்குப் பதில் சொல்ல யாரும் இருந்ததில்லை. அதன்பின் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவருடையது பாசாரிலும் பால் கொட்டகையிலும் கற்ற மலாய். இவனுடையது பள்ளியில் கட்டுரை எழுதிக் கற்ற மலாய். இவன் சொன்ன நீண்ட சொற்கள் அவருக்குப் புரியவில்லை, அவர் சொன்ன பழைய சொற்கள் இவனுக்குப் புரியவில்லை, இருந்தும் பேச்சு நிற்கவில்லை. தமிழில் வெட்கப்பட்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் என் மகன், அங்கே ஒரு மூதாட்டியோடு மலாயில் கதையடித்தான் என்பதை வீட்டில் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை.

மறுநாள் பெரியம்மா பரணிலிருந்து ஒரு பால்வெட்டும் கத்தியை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா 1970-இல் சட்டைகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுபோனது அது. ஒரு ரப்பர் மரமும் இல்லாத ஊருக்கு அதை ஏன் கொண்டுவந்தார் என்று மகன் கேட்டதற்கு, கையில் இருந்த தொழில் அது ஒன்றுதானே என்றார் பெரியம்மா. பிற்பாடு கஷாயத்துக்கு வேப்பம்பட்டை சீவ அது பயன்பட்டிருக்கிறது. மரத்தில் எந்தச் சாய்வில் கோடு போட வேண்டும், பட்டையில் எவ்வளவு ஆழம் போனால் மரம் கெடும் என்பதைத் திண்ணைத் தூணில் அவர் கையாலேயே காட்டினார். ரப்பர் நாட்டில் பிறந்து அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த என் மகன், பால் வெட்டுவதை முதன்முதலில் கற்றுக்கொண்டது திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில்.

கிளம்பும்போது கத்தியை எடுத்துப் போகச் சொன்னார்கள். விமானத்தில் பெட்டிக்குள் வைத்து அனுப்பலாம் என்று அண்ணனும் சொன்னார். மகன் வேண்டாம் என்றான். பட்டை சீவ வேண்டியிருக்குமே என்றான். மலேசியாவுக்கு வர இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா தேவையில்லை என்பதையும், விமானம் நேராகப் பினாங்கிலேயே இறங்குகிறது என்பதையும் அவன்தான் பெரியம்மாவிடம் விளக்கினான். முதலில் சிரித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, கடவுச்சீட்டு எடுக்க என்ன செலவாகும் என்று கேட்டார். தோட்டம் இப்போது இல்லை, லயங்களை இடித்து வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது என்று நான் முன்கூட்டியே சொன்னேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 24 அன்று எஸ்பிஎம் முடிவு வந்தது. கணிதத்தில் எதிர்பார்த்தது கிடைத்தது, இயற்பியலில் கிடைக்கவில்லை. பலதொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறான். மலாயில் ‘ஏ’. அன்று மாலை காணொளி அழைப்பில் பெரியம்மா வந்தார். மலாயில் ‘ஏ’ என்று கேட்டதும் அண்ணியின் பக்கம் திரும்பி, “எங்கிட்ட பேசிப் பழகினதுதான்” என்றார். தேர்வு பிப்ரவரியில், பயணம் மார்ச்சில் என்பதை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. மகன் மட்டும், “பெத்துல், நெனெக்” (சரிதான், பாட்டி) என்றான்.