மாற்றுத்திறனாளி சான்றிதழ்: துணைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை (வேலூர்)

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும், கூட வாங்க என்று யார் கேட்டாலும் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது ஆதார் அட்டையை, அதிலும் முகவரியை. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கமெல்லாம் ராணிப்பேட்டைக்குப் போயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போயிற்று. பழைய ஆதாரில் இன்னும் ‘வேலூர் மாவட்டம்’ என்றே இருக்கும். அதைப் பார்த்து யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) தளத்தில் வேலூரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் விண்ணப்பம் வேறு மாவட்டத்துப் பட்டியலில் போய்க் கிடக்கும். அதனால் முகவரித் திருத்தத்தை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பம்.

அடுத்தது செல்போன் எண். அவசரத்தில் பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். பிறகு ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும், கடை மூடியிருந்தால் அவ்வளவுதான். வீட்டில் நிலையாக இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள்; விண்ணப்ப எண் வந்ததும் நோட்டில் எழுதிவையுங்கள். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இனிஷியல் மாறியிருந்தால் அதையும் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும்.

தொழுநோயால் விரல்கள் தேய்ந்துபோனவர்களுக்கு ஆதாரிலேயே சிக்கல் தொடங்கும். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் கிளம்பி வந்துவிடாதீர்கள். கருவிழிப் பதிவு உண்டு. இரண்டுமே முடியாதவர்களுக்கு பயோமெட்ரிக் விதிவிலக்கு முறையில் ஆதார் எடுக்க வழி இருக்கிறது. கவுன்ட்டரில் அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.

மருத்துவர் முன் போய் உட்காருவதற்குள் காகிதங்கள் தயாராக வேண்டும். காது கேளாதவருக்கு ஆடியோகிராம், சின்னக் குழந்தையென்றால் பெரா பரிசோதனை (சத்தத்துக்குக் கேள்வி நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று பார்ப்பது). பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்ற நரம்புப் பாதிப்புகளை ஆறு மாதம் ஆன பிறகுதான் மதிப்பிடுவார்கள். போன மாதம் வாதம் வந்தவரை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை வரை ஆட்டோவில் தூக்கிப்போய் அலைக்கழிப்பது கொடுமை. டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கை பாதிப்புள்ளவர்களுக்குத்தான் கூட இருப்பவரின் உதவி அதிகம் தேவை. கையின் செயல்பாட்டை அளக்க அன்றாட வேலைகள் பத்தைக் கேட்பார்கள்: கையால் சாப்பிடுவது, தலை வாருவது, சட்டை போடுவது, பட்டன் போடுவது, வேட்டி கட்டுவது, தம்ளரில் தண்ணீர் குடிப்பது, கழிப்பறை சுத்தம், எழுதுவது என்று போகும். முடியாத ஒவ்வொன்றுக்கும் 9 விழுக்காடு பாதிப்பு என்று கணக்கு. “பட்டன் போட முடியுதாய்யா?” என்று டாக்டர் கேட்டதும் பெரியவர்கள் ரோஷத்தில், “அதெல்லாம் போட்டுக்குவேன் சார்” என்று சொல்லிவிடுகிறார்கள். காலையில் பட்டனைப் போட்டுவிட்ட மனைவி பக்கத்திலேயே நிற்பார், வாய் திறக்க மாட்டார். அதனால் உள்ளே போகுமுன்பே, “செய்து காட்டுங்கய்யா, சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவைப்பேன். மடங்கிய விரல்கள் பட்டனைத் தேடித் தடவுவதை மருத்துவர் கண்ணால் பார்க்கட்டும். துணைக்கு வந்தவர் அவருக்காகப் பேசினால் மருத்துவர்களுக்குப் பிடிப்பதில்லை, அது நியாயமும்கூட.

தொழுநோயால் மடங்கிய இந்தக் கைகளை வேலூருக்கு நன்றாகவே தெரியும். 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் சிஎம்சி மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையமும் அவர் உழைப்பு. நானும் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்டு நடப்பவன். மாற்றுத்திறனாளிக்காக இன்னொரு மாற்றுத்திறனாளி நிற்பதில் உள்ள பலத்தை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கை, கண் என்று இரண்டு பாதிப்பு இருந்தால் இரண்டையும் மதிப்பிடச் சொல்ல வேண்டும். இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். கைக்கு 30, கண்ணுக்கு 30 என்றால் 50 வரும். கையை மட்டும் காட்டியிருந்தால் 30-ஓடு வீட்டுக்குத்தான் போக வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 தேவை. கண் டாக்டர் அன்று இல்லையென்றால் இன்னொரு நாள் வருவதே மேல்.

சான்றிதழ் வந்த பிறகும் வேலை இருக்கிறது. வருவாய்த் துறை ஓய்வூதியம் வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. 2023 ஜனவரியில் முதலாவது 1,500 ரூபாயாக இருந்தது, இரண்டாவது 2,000. தொழுநோய் பாதிப்புக்கு 40 விழுக்காடு இருந்தாலே இரண்டாவதற்கு விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குகிறவரிடம் இதை விளக்கிவிட்டு, எது வேண்டும் என்பதை அவரையே முடிவு செய்ய விடுங்கள்.

நடக்காத வேலைக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்வு நாள் இருக்கிறது. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை எழுதுங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் நகராதீர்கள். கொடுத்த விழுக்காடு சரியில்லை என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு, முடிவு வந்த 90 நாட்களுக்குள். சான்றிதழ் நகல், பரிசோதனை ரிப்போர்ட்டுகள், எந்தப் பாதிப்பை மதிப்பிடாமல் விட்டார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிய கடிதம், இவை போதும்.